75,000 ரூபா விசைப்பலகை மட்டக்களப்பில் எடுபடுமா?

லொஜிடெக் நிறுவனம் ஜி915 என்ற கம்பியில்லா விளையாட்டு விசைப்பலகையை 2019 ஓகஸ்டில் அறிமுகப்படுத்தியபோது, அமெரிக்காவில் அதற்கு இட்ட விலை 249.99 டொலர். டொலரை 300 ரூபாவாக வைத்துக் கணக்கிட்டால் அது 75,000 ரூபா. 2024 ஜனவரியிலிருந்து நடைமுறையிலுள்ள 18 சதவீத வற் வரியை அதன்மேல் ஏற்றினால் 88,500 ரூபா ஆகிவிடுகிறது. இறக்குமதி செய்பவரின் இலாபத்தையும் கடைக்காரரின் இலாபத்தையும் இன்னும் கணக்கில் எடுக்கவில்லை. பாவித்த பழைய மடிகணினி ஒன்றை வாங்கிவிடக்கூடிய இந்தத் தொகையை, வெறும் விசைப்பலகைக்குக் கொடுப்பது தகுமா என்று எங்கள் பக்கத்து இளைஞர்கள் சிலர் கேட்டுக்கொண்டிருப்பதால் இதை எழுதுகிறேன். என் முடிவை ஒளித்துவைக்க விரும்பவில்லை: பொருள் மிக நன்று, ஆனால் மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ இருந்துகொண்டு விளையாட்டுக்காக இதை வாங்குபவர், தமக்குப் பயன்படாத ஒன்றுக்கே பெரும்பகுதிப் பணத்தைக் கொடுக்கிறார்.

நான் பயன்படுத்தியது, வளைகுடாவில் வேலை செய்யும் கல்முனை நண்பர் ஒருவர் விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்து, திரும்பிப் போகையில் என்னிடம் விட்டுச்சென்ற ஜி915. பகலில் தமிழ்த் தட்டச்சு வேலைக்கும் இரவில் விளையாட்டுக்குமாக, கல்லடியில் வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட என் வீட்டு மேசையில் அது இருக்கிறது. 2024 இல் இதன் அடுத்த வடிவமான ஜி915 எக்ஸ் வந்துவிட்டது. அதில் பழைய மைக்ரோ யூ.எஸ்.பி துளைக்குப் பதிலாக யூ.எஸ்.பி-சி துளை இருக்கிறது, விசைகளின் மேல்மூடிகள் தேய்மானம் குறைந்த பிபிடி பிளாஸ்டிக்கினால் ஆனவை, விசை இறங்கும் ஆழமும் சற்றுக் கூட்டப்பட்டிருக்கிறது. இங்கே சொல்லப்போகும் பெரும்பாலானவை இரண்டுக்கும் பொருந்தும். பொருந்தாத இடங்களில் பிரித்தே சொல்கிறேன்.

கையில் எடுத்தவுடன் விலைக்கான காரணம் ஓரளவு விளங்கும். மேற்பரப்பு முழுவதும் அலுமினியத் தகடு. எடை ஒரு கிலோவுக்குச் சற்று அதிகம். ஆனாலும் தடிப்பு 22 மில்லிமீற்றர்தான். பெட்டிபோல் உயர்ந்து நிற்கும் வழமையான இயந்திர விசைப்பலகைகளின் (ஒவ்வொரு விசைக்கும் அடியில் தனிச் சுவிட்ச் உள்ளவை) முன்னால் மணிக்கட்டுக்கு ஒரு தாங்கி வைக்காவிட்டால் அரை நாளில் கை உளைந்துவிடும். இதில் அந்தத் தேவை எனக்கு ஏற்படவில்லை. வலது மேல் மூலையில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் உலோக உருளை ஒன்று இருக்கிறது. சிறிய விடயந்தான், ஆனாலும் பழகியபின் மற்றொரு விசைப்பலகையில் கை தன்னாலே அந்த மூலைக்குப் போகிறது. இடது ஓரத்தில் நாம் விரும்பிய கட்டளைகளைப் பதிந்துவைக்க 5 மேலதிக விசைகள் உள்ளன. கட்டுமானத்தில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

விசைகளின் அடியிலுள்ள சுவிட்ச் குட்டையான வகை. இயந்திர விசைப்பலகைகளுக்கு அளவுகோலாகக் கருதப்படும் செரி நிறுவனத்தின் சிவப்பு சுவிட்ச் 2 மில்லிமீற்றர் இறங்கியதும் எழுத்தைப் பதியும். முழுவதுமாக 4 மில்லிமீற்றர் இறங்கும். ஜி915 இல் இந்த அளவுகள் முறையே 1.5, 2.7 மில்லிமீற்றர். ஆகவே விரல் சற்று ஓய்வாகச் சாய்ந்தாலே எழுத்து விழுந்துவிடும் என்பதால் தொடக்கத்தில் தேவையற்ற எழுத்துகள் நிறையப் பதியும். பழகியபின் வேகம் கூடுகிறது என்பதையும் மறுக்க முடியாது. வழுக்கிச் செல்வது, நடுவில் சிறு தடை தருவது, சத்தமிடுவது என மூன்று வகைகளில் கிடைக்கும் சுவிட்ச்களில், பக்கத்து அறையில் பிள்ளைகள் தூங்கும் வீடுகளுக்கு மூன்றாவது வகை சரிவராது.

இனி, இதன் விலைக்கு அடிப்படையாக விளம்பரங்கள் முன்வைக்கும் வேகத்துக்கு வருவோம். லைட்ஸ்பீட் என்று லொஜிடெக் பெயரிட்டிருக்கும் இணைப்பு, கணினியில் செருகும் சிறிய டொங்கிள் வழியாக ஒரு மில்லி செக்கனுக்கு ஒரு தடவை விசைகளின் நிலையைக் கணினிக்கு அறிவிக்கிறது. நல்ல கம்பி விசைப்பலகையும் அதே வேகத்தில்தான் அறிவிக்கிறது என்பதால், கம்பியில்லாதது தாமதிக்கும் என்ற பழைய பயத்துக்கு இப்போது இடமில்லை. இதே விசைப்பலகையைப் புளூடூத்தில் இணைத்தால் அந்த இடைவெளி பல மில்லி செக்கன்களாகக் கூடும். அதனால் புளூடூத்தை எழுத்து வேலைக்கும் டொங்கிளை விளையாட்டுக்கும் வைத்துக்கொள்வதே முறை.

ஆனால் இந்த ஒரு மில்லி செக்கன் எங்கே போய்ச் சேருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். வலோரன்ட் விளையாடும் எங்கள் ஊர்ப் பிள்ளை இணைவது சிங்கப்பூரிலோ மும்பாயிலோ உள்ள சேவையகத்துடன். கொழும்பிலிருந்து சிங்கப்பூருக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 2,700 கிலோமீற்றர். ஒளியிழைக்குள் ஒளி செக்கனுக்கு ஏறக்குறைய 2,00,000 கிலோமீற்றர் வேகத்தில்தான் செல்லும் என்பதால், போய்த் திரும்ப 27 மில்லி செக்கன் கட்டாயம் ஆகும்; எந்த நிறுவனம் எவ்வளவு பணம் செலவழித்தாலும் இயற்பியல் இதைக் குறைக்க விடாது. கடலடி வடங்கள் நேர்கோட்டில் போவதுமில்லை. மாத்தறையில் கரையேறும் சீ-மீ-வீ 5 போன்ற வடங்களை அடையுமுன் தரவு மட்டக்களப்பிலிருந்து தீவின் மறுகரைவரை பயணம் செய்ய வேண்டும். வழியிலுள்ள ஒவ்வொரு கருவியும் தன் பங்குக்குத் தாமதப்படுத்தும். இவற்றின் மேல், ஊரில் பலரிடமும் உள்ள 60 ஹேர்ட்ஸ் திரை ஒவ்வொரு படத்தையும் காட்ட 16.7 மில்லி செக்கன் எடுத்துக்கொள்கிறது. மழைக்காலத்தில் நான்காம் தலைமுறைக் கைபேசி இணைப்பில் விளையாடுபவருக்கு அலைவரிசை தடுமாறும்போது ஏற்படும் தாமதத்தின் முன்னால், விசைப்பலகை மிச்சப்படுத்தும் ஓரிரு மில்லி செக்கன் கணக்கிலேயே வராது. வேகத்துக்காகச் செலவழிக்க 75,000 ரூபா இருக்குமாயின், முதலில் வீட்டுக்கு ஒளியிழை இணைப்பை எடுத்து, பிறகு 144 ஹேர்ட்ஸ் திரை ஒன்றை வாங்குவதே பயன்தரும். விசைப்பலகையின் முறை அதன்பின்தான் வரும்.

டொங்கிளைப் பற்றிப் பெட்டியில் எழுதப்படாத ஒரு செய்தி. இது இயங்கும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையிலேயே வைஃபையும் இயங்குகிறது. அதைவிட முக்கியமாக, யூ.எஸ்.பி 3.0 துளைகளும் அவற்றில் செருகிய வன்தட்டுகளும் அதே அலைவரிசையில் இரைச்சலை வெளியிடுகின்றன என்பதை இன்டெல் நிறுவனமே 2012 இல் ஓர் ஆய்வறிக்கையில் விளக்கியிருக்கிறது. கணினியின் பின்பக்கத்தில், வன்தட்டுக்கு அருகில் டொங்கிளைச் செருகிவிட்டு, விசை விட்டுவிட்டு வேலை செய்கிறது என்று கடைக்காரருடன் சண்டை பிடிப்பவர்கள் முதலில் நீட்டிப்பு வடம் ஒன்றின் உதவியுடன் டொங்கிளை மேசைமேல் கொண்டுவந்து பார்க்க வேண்டும்.

தமிழ் எழுதுபவருக்கு இந்த விசைப்பலகை எப்படி என்பதை எந்த வெளிநாட்டு மதிப்பீடும் சொல்லாது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். எங்கள் பகுதியில் கலியாண அழைப்பிதழும், கண்ணீர் அஞ்சலித் துண்டுப்பிரசுரமும், பாடசாலைப் பரீட்சைத் தாளும் இன்றும் பெரும்பாலும் பாமினி என்ற தட்டச்சு அமைப்பில்தான் அடிக்கப்படுகின்றன. பாமினியில் புள்ளிக்குரிய விசை, ஆங்கிலத்தின் அரைப்புள்ளி விசை. மட்டக்களப்பு என்ற ஊர்ப்பெயரை அடிக்கத் தேவையான 11 அடிகளில் 3 அந்த ஒரே விசையின்மேல் விழுகின்றன. அதுவும் வலது சுண்டுவிரலால். ஆங்கிலத்தில் நாள் முழுவதும் எழுதுபவர் எப்போதாவது தொடும் விசையை நாங்கள் வரிக்குப் பலமுறை அடிக்கிறோம். இந்த நோக்கில் ஜி915 இன் குட்டையான, இலகுவான விசைகள் உண்மையிலேயே ஆறுதல் தருகின்றன. நீண்ட வேலையின் முடிவில் சுண்டுவிரலில் வரும் வலி இதில் குறைந்திருக்கிறது என்று துணிந்து சொல்வேன். இந்த விசைப்பலகையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். விளையாட்டுக்காகச் செய்யப்பட்ட பொருளில் இதைக் கண்டது எதிர்பாராதது.

அதே வேளையில், ஜி915 இன் மேல்மூடிகள் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கினால் ஆனவை. வியர்வையும் எண்ணெயும் பட்டுப்பட்டு அவை மினுங்கத் தொடங்கும். பாமினி பாவிப்பவருக்கு அரைப்புள்ளி விசைதான் முதலில் மினுங்கும். அந்த ஒரு மூடியை மட்டும் மாற்றலாம் என்றால், கடைகளில் கிடைக்கும் வழமையான செரி அமைப்பு மூடிகள் இதற்குப் பொருந்துவதில்லை. எக்ஸ் வடிவத்தின் பிபிடி மூடிகளுக்கு இந்தத் தொல்லை குறைவு. தமிழ் எழுத்துகள் எதிலும் அச்சிடப்பட்டிருக்காது என்பதைச் சொல்லத் தேவையில்லை. தமிழ் எழுத்து ஒட்டிகளை ஒட்டினால், எழுத்தினூடாக வெளிவர வேண்டிய வண்ண ஒளி மறைந்து, அந்த ஒளிக்காகக் கொடுத்த பணமும் வீணாகிறது. எழுத்துகளைப் பார்க்காமல் அடிக்கப் பழகியவருக்கே இந்தப் பொருள் உகந்தது.

அடுத்தது காற்று. வைகாசி தொடங்கி ஆவணி வரை கச்சான் காற்று புழுதியைக் கொண்டுவந்து கொட்டும். மாரியில் வாடைக்காற்று கடலுப்பைக் கொண்டுவரும். கடற்கரையோர வீடுகளில் யன்னல் கம்பியும் கதவுப் பூட்டும் எந்த வேகத்தில் துருப்பிடிக்கின்றன என்பது கல்லடியிலிருந்து அக்கரைப்பற்று வரை உள்ள எல்லோருக்கும் தெரியும். இயந்திர சுவிட்ச் என்பது அடிப்படையில் இரண்டு உலோகத் துண்டுகள் ஒன்றையொன்று தொடுவதுதான். அந்தத் தொடுமுனையில் அழுக்கும் உப்பும் படிந்தால், ஒரு தடவை அடித்த எழுத்து இரண்டு தடவை விழும், அல்லது விழாமலே போகும். வேலை முடிந்ததும் துணியால் மூடிவைப்பதும், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிப் பொட்டலங்களை அருகில் வைப்பதும் ஓரளவு உதவும். சீனிப் பண்டங்களை மேசையில் வைத்துச் சாப்பிடுவோர் எறும்புகளையும் கணக்கில் எடுக்கவேண்டும்; விசைகளுக்குக் கீழே இருட்டும் வெதுவெதுப்பும் இருப்பதை அவை விரைவில் கண்டுபிடித்துவிடுகின்றன.

இந்த ஒரு காரணத்துக்காகவே, விலையுயர்ந்த விசைப்பலகைதான் வேண்டும் என்று உறுதியாக நிற்பவரிடம் உலோகத் தொடுமுனை இல்லாத வகைகளைப் பார்க்கச் சொல்வேன். ரேசர் நிறுவனம் 2022 இல் வெளியிட்ட டெத்ஸ்டோக்கர் வி2 புரோ, ஜி915 போலவே குட்டையானது, கம்பியில்லாதது, அமெரிக்க விலையும் அதேதான்; ஆனால் அதில் விசை அழுத்தப்பட்டதை ஒளிக்கதிர் ஒன்றே உணர்கிறது. ஸ்டீல்சீரிஸின் 2023 ஆம் ஆண்டு ஏபெக்ஸ் புரோ டிகேஎல் கம்பியில்லா வடிவத்தில் காந்தம் அந்த வேலையைச் செய்கிறது. எழுத்து பதியும் ஆழத்தை 0.2 இலிருந்து 3.8 மில்லிமீற்றர் வரை நாமே அமைத்துக்கொள்ளலாம். உட்பலகையும் செருகு துளையும் இவற்றிலும் உப்புக்குத் தப்பாது என்றாலும், எழுத்து இரட்டிக்கும் நோய்க்கான முக்கிய வாசல் அடைபட்டுவிடுகிறது.

போட்டிகளில் விளையாடுபவர்கள் விரும்புவதும் இப்போது காந்த வகைதான், ஏனெனில் விரலைச் சற்றுத் தூக்கினாலே விசை விடுபட்டதாகக் கொள்ளும் வசதி அதில் இருக்கிறது. அதற்குக் கம்பியில்லாத் தன்மை தேவையே இல்லை. அந்த வகையில் பெயர்பெற்ற வூட்டிங் விசைப்பலகைகள் கம்பியுடன்தான் வருகின்றன, அவற்றைப் பார்த்துச் செய்த சீனத் தயாரிப்புகளும் குறைந்த விலைக்கு வந்துவிட்டன. எதிரெதிர் விசைகளில் கடைசியாக அழுத்தியதற்குத் தானாகவே முன்னுரிமை கொடுக்கும் வசதியை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 என்ற விளையாட்டின் உத்தியோகபூர்வ சேவையகங்களில் அதைப் பயன்படுத்துவதை வால்வ் நிறுவனம் 2024 ஓகஸ்டில் தடைசெய்துவிட்டது.

மின்கலத்தைப் பொறுத்தவரை, வண்ண ஒளி முழுவதும் எரிந்தால் ஜி915 ஒரு மின்னேற்றத்தில் 30 மணித்தியாலம் தாங்கும் என்று நிறுவனம் கூறுகிறது. நாளொன்றுக்கு 6 மணித்தியாலம் பாவித்தால் 5 நாளுக்கு ஒரு தடவை, ஆண்டுக்கு 73 தடவை மின்னேற்ற வேண்டும். லிதியம் மின்கலங்கள் பொதுவாக 300 முதல் 500 முழுச் சுற்றுகளில் தேயத் தொடங்குவதால், 4 முதல் 7 ஆண்டுகள் என்று கொள்ளலாம். எங்கள் வெக்கை அதைக் கொஞ்சம் குறைக்கவே செய்யும். ஒளியை அணைத்துவிட்டால் இந்தக் கணக்கு முழுவதும் மாறி, மின்னேற்றும் நினைப்பே அரிதாகிவிடுகிறது. நான் அணைத்தே வைத்திருக்கிறேன். கம்பியில்லாதது மின்தடைக்கு உதவும் என்று சிலர் சொல்வது மடிகணினி வைத்திருப்பவருக்கு மட்டுமே பொருந்தும். குரங்கொன்று பாணந்துறை உபமின்நிலையத்தில் புகுந்ததே காரணம் என்று அமைச்சர் சொன்ன 2025 பெப்ரவரி 9 ஆம் திகதிய இருட்டில், மேசைக் கணினிக்காரரின் விசைப்பலகை மட்டும் உயிரோடு இருந்து என்ன பயன்?

எல்லாவற்றையும்விட என்னைத் தயங்கவைப்பது திருத்தந்தான். ஜி915 இன் சுவிட்ச்கள் பலகையில் ஈயம் வைத்து ஒட்டப்பட்டவை. ஒன்று பழுதானால், கைபேசி திருத்தும் கடையில் அதைக் கழற்றக்கூடிய கெட்டிக்காரர் கிடைப்பார். மாற்றுவதற்கான அதே சுவிட்ச் இங்கே கிடைக்காது. உத்தரவாதம் இருந்தால், கூரியரில் கொழும்புக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த பொருளுக்கு இங்குள்ள முகவர் பொறுப்பேற்பாரா என்பதும் கேட்டறிய வேண்டிய ஒன்று. பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவுக்கு நடந்துபோகக்கூடிய தூரத்தில் இருப்பவரும், இரவு பஸ்ஸில் 300 கிலோமீற்றருக்கு மேல் போக வேண்டியவரும் ஒரே விலை கொடுத்து வாங்கினாலும், இருவருக்கும் கிடைப்பது ஒரே பொருளல்ல.

இதற்கு மாறாக, சுவிட்ச்சைச் சிறு இடுக்கியால் கழற்றிப் புதியதைச் செருகக்கூடிய விசைப்பலகைகள் இருக்கின்றன. செரி சுவிட்ச்சின் காப்புரிமை 2014 அளவில் முடிவுக்கு வந்தபின் கேட்டெரோன், கைல் போன்ற சீன நிறுவனங்கள் அதே அமைப்பில் சுவிட்ச்களைச் செய்து குவித்ததால் இவற்றின் விலை இறங்கியது. கீக்ரோன், ரோயல் குளூட்ஜ், ஆவுலா ஆகியவற்றில் டொங்கிள், புளூடூத், கம்பி என மூன்று வழியிலும் இணையும் இத்தகைய வடிவங்கள் ஜி915 இன் விலையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்குக்குக் கிடைக்கின்றன. அலுமினியத்தின் அழகு இல்லை. தடிப்புக் கூடுதல், ஆகவே மணிக்கட்டுத் தாங்கி வேண்டும். மென்பொருள் சில வேளைகளில் சீன மொழியில் முழிக்கும். ஆனால் அரைப்புள்ளி விசை தேய்ந்துபோனால், அதிகம் பாவிக்காத ஸ்குரோல் லொக் விசையின் சுவிட்ச்சைக் கழற்றி அங்கே போட்டுவிட்டு அதே மாலையில் வேலையைத் தொடரலாம். எங்கள் ஊரில் வசிப்பவருக்கு இந்த ஒரு வசதி, ஒரு மில்லி செக்கனைவிடப் பெறுமதியானது.

அப்படியானால் யார் வாங்கலாம்? மடிகணினியையும் மேசைக் கணினியையும் மாறிமாறிப் பயன்படுத்தி, நாள் முழுவதும் எழுதி, உயரமான விசைப்பலகையால் கைவலி கண்டவர், முகவரின் உத்தரவாதத்துடன் எக்ஸ் வடிவத்தை வாங்கினால் நான் தடுக்கமாட்டேன். எண் விசைகள் தேவைப்படாதவருக்கு டிகேஎல் எனப்படும் குறுகிய வடிவம் மேசையிலும் இடம் தரும். விளையாட்டில் முன்னேறுவதே நோக்கம் என்றால் கம்பியுள்ள காந்த வகை. மற்றவர்களுக்கு, சுவிட்ச் கழற்றக்கூடிய நடுத்தர விலைப் பொருளே போதும். நண்பர் அடுத்த விடுமுறைக்கு வந்து இதைத் திருப்பிக் கேட்கும்போது நான் வாங்கப்போவதும் அதைத்தான்.

எதை வாங்கினாலும், கடையில் மடிகணினி ஒன்றில் இணைத்து எல்லா விசைகளையும் ஒவ்வொன்றாக அடித்துப் பாருங்கள். குறிப்பாக அரைப்புள்ளி விசையையும் இரு பக்க ஷிப்ட் விசைகளையும் பலமுறை. டொங்கிள் பெட்டிக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். அது தொலைந்தால் சில வடிவங்களுக்குத் தனியாகக் கிடைப்பதில்லை. பற்றுச்சீட்டில் தொடர் இலக்கத்தை எழுதச் சொல்லி, உத்தரவாதம் கடையுடையதா முகவருடையதா, கூரியர் செலவு யாருடையது என்பவற்றையும் அதிலேயே குறித்து வாங்குங்கள்.